மறைப்பும் அருளே

இறைவன் பேரருளாளனாயின், உயிர்களுக்குத் தன்னை மறைத்து நிற்றல் என்னை? சித்தாந்தம் பயில்வார் பலர்க்கும் எழும் இவ்வினாவிற்குச் செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்த மணிலாக் கொல்லைகளிலே ஓர் உவமை கிடைத்தலின், அதனை ஈண்டு ஆராய்வாம்.

நிலக்கடலையெனவும் வழங்கும் மணிலா, பூப்பது ஒளியில், காய்ப்பது இருளில். மஞ்சட்பூ வாடியபின், சூலகத்தின் அடி நீண்டு விழுதாகி மண்ணை நாடும். அதன் நுனியிலுள்ள கரு, சில அணுக்களாகப் பிரிந்த அளவில் வளர்ச்சி நின்று காத்திருக்கும். விழுது நிலத்துட் புக்கு இருளுற்ற பின்னரே நுனி கிடையாகத் திரும்பிப் பருக்கும். கருவும் மீண்டு வளரும். முன்னர் ஓடு பருத்து, பின்னர்ப் பருப்பு நிரம்பும். பருப்பு முற்ற முற்ற, ஓட்டின் உட்புறத்து வெண்சதை வற்றிக் கருநிறம் எய்தும். அக்கருமை கண்டே உழவர் அறுவடைப் பருவம் துணிவர். மண்ணை எட்டாத விழுதோ காயாகாது உலரும்.

திரோதான சத்தியின் செயலும் இத்தகைத்து. உயிரை உலக நுகர்ச்சியிற் செலுத்தி மலத்தைப் பரிபாகமுறச் செய்தலின், மறைப்பும் அருளேயாம். மலத்தொடு நின்று தொழிற்படுதல் பற்றி அதனை மலம் என்றது உபசாரம்.

அற்றேல், காயை வளர்த்தது இருளாதலின் ஆணவ இருளும் நன்றாமன்றோ எனின், அன்று. இருள் உணவன்று. மண்ணுட் கிடக்கும் காய்க்கு உணவு, வெயிலில் நிற்கும் இலையினின்று விழுதின் வழியே இறங்கும். கண்ணுக்குப் புலனாகாவிடினும் அத்தொடர்பு காய் முற்றுமளவும் அறுவதில்லை.

இன்னும் ஒன்று உண்டு. சுண்ணச்சத்து மட்டும் இலைவழி வந்து நிரம்புவதில்லை. காய் அதனைத் தன்னைச் சூழ்ந்த மண்ணினின்றே ஏற்கும். அது குறையின், ஓடு பருத்தும் உள்ளே பொக்காகும். ஆதலின் உழவர் விதைத்த 40-45ஆம் நாளளவில் ஜிப்சம் இட்டு மண் அணைப்பர். காயை முதிர்விப்பது தம் செயலன்றென்று அறிந்தும், இடவேண்டியதை இடாது விடார்.

இதனால் யாம் வலியுறுத்துவது ஒன்று. துன்புறுவாரைக் கண்டு, ‘வினை கழியட்டும், பரிபாகம் வரட்டும்’ என்று வாளா இருத்தல் சித்தாந்தம் ஆகாது. பரிபாகம் தருதல் இறைவன் செயல். பசித்தார்க்குச் சோறும், நோயுற்றார்க்கு மருந்தும், கல்லார்க்குக் கல்வியும் தருதல் அடியார் கடன். அக்கடனை ஒழித்துப் பரிபாகம் பேசுவார், மண் அணையாது விளைவு நோக்கும் உழவரையே ஒப்பர்.