எப்படிக் கண்டுபிடிச்சே?

சமய வகுப்பில் மாம்பழக் கதை சொல்லும்போது ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். பிள்ளையார் அம்மையப்பரைச் சுற்றினார், புத்திசாலி. முருகன் மயிலேறிப் பறந்தார், ஏமாந்தார். அவ்வளவுதான், கதை முடிந்தது. ஆனால் உலகைச் சுற்றி வரத்தானே சொன்னார்கள்? சொன்னதைச் சொன்னபடி செய்தவர் தம்பி. 'உலகம்' என்ற சொல்லுக்கே வேறு பொருள் கண்டவர் அண்ணன். பழம் ஒருவருக்குத்தான் கிடைத்தது, சரி. அதற்காக முருகனை மந்தம் என்று யாராவது சொல்வோமா?

நம் பிள்ளைகளிடம் மட்டும் இந்த நியாயம் மறந்துபோகிறது. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று எந்தப் பக்கம் போனாலும், பத்து வயசுக்குள் 'இவன் கெட்டி, அவன் மக்கு' என்று முத்திரை குத்தியாகிவிடுகிறது. யூ.பி.எஸ்.ஆர். 2021-இல் போய்விட்டது. முத்திரை போகவில்லை.

ஒரு கணக்கு பாருங்கள். பழைய லயத்தில் வரிசையாக 8 வீடு. ஆறாம் வீட்டுக்கு முன்னால் உள்ள எண்களைக் கூட்டினால் 15. பின்னால் 7-உம் 8-உம், அதுவும் 15. இதே மாதிரி, 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள் உள்ள தெருவில் அந்த வீடு எது என்று 1914 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' என்ற ஆங்கில இதழ் கேட்டது. கேம்பிரிட்ஜில் படித்த வங்காள மாணவர் மகலநோபிஸ், எண்களைப் போட்டுப் போட்டுப் பார்த்துச் சில நிமிடத்தில் பிடித்துவிட்டார்: 288 வீடு, 204-ஆம் எண். நம்ம ராமானுஜன் அப்போது அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்தார். கணக்கைக் கேட்டார், கிளறிக்கொண்டே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அதற்குள் 8 வீட்டு லயமும் இருந்தது, 288 வீட்டுத் தெருவும் இருந்தது, அதற்கு மேலும் முடிவில்லாமல் தெருக்கள் இருந்தன.

இதில் யார் கெட்டிக்காரர்? ராமானுஜன்னுதான் வாய் வரும். ஆனால் போட்டுப் பார்த்தவர்தான் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். வங்காளத்துச் சணல் வயல்களில் சில துண்டுகளை மட்டும் அளந்து மொத்தப் பரப்பைக் கணித்துக் காட்டினார். ராமானுஜனோ, மற்றப் பாடங்களில் தேறாமல் கும்பகோணம் கல்லூரியின் உதவித்தொகையை இழந்தவர். அன்றைய மதிப்பெண் தாளைப் பார்த்தால் அவரும் 'மக்கு'தான்!

அதற்காக, வேறு மாதிரி யோசித்தாலே சரி என்று ஆகிவிடாது. 1913-இல் ஹார்டிக்கு எழுதி அனுப்பியவற்றில், பகா எண்களைப் பற்றி ராமானுஜன் சொன்ன சில முடிவுகள் தவறு. நிரூபணம் எங்கே என்று ஹார்டி விடாமல் கேட்டார். கேட்பது மரியாதைதான். விடையைச் சோதிக்கலாம், சோதிக்கத்தான் வேண்டும். வந்த வழியைப் பார்த்துச் சிரிப்பதைத்தான் நான் அதர்மம் என்கிறேன்.

செம்பனைக் குலை வெட்டும் அண்ணன்மார், மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்தே மேலே குலை பழுத்துவிட்டதா என்று சொல்லிவிடுவார்கள். அதை நாம் 'பழக்கம்' என்கிறோம். கணினி முன்னால் உட்கார்ந்து ஒருவர் அதையே செய்தால் 'அறிவு' என்கிறோம். ஏன் இந்த இரண்டு தராசு?

இயக்கத்துக்குள்ளேயும் இது உண்டு, ஒளிப்பானேன். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்குக் கூட்டம் போடுகிறோம். வேகமாகப் பேசத் தெரிந்த தம்பி ஐந்து நிமிடத்தில் திட்டம் சொல்லிவிடுவார், கைதட்டல் விழும். மூலையில் ஒரு தங்கச்சி, "அண்ணே, நான் ஒரு தடவ இடத்த பார்த்துட்டு வந்து சொல்றேனே" என்பார். "அதெல்லாம் நேரமில்லம்மா" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம்.

அவர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். கூட்டத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.