மடியும் மனச்சான்றும்

பசுவின் மடி பால் நிரம்பிய பாத்திரமன்று. கேட்கக் கேட்கச் சுரக்கும் ஊற்று. கன்று முட்டியதும் காம்பின் உணர்ச்சி மூளையை எட்டுகிறது. பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து ஆக்சிடோசின் குருதியில் கலந்து பாலை இறக்குகிறது. பசு அஞ்சினால் அட்ரினலின் அதைத் தடுக்கிறது. கறவாது விட்டால், தேங்கிய பாலே மேற்கொண்டு சுரப்பதை அடக்குகிறது. இதுவே இறைவன் வகுத்த அளவு.

இவ்வளவை மனிதன் தன் ஆசைக்கு வளைக்கலாமா?

விற்பதற்குமுன் சில நாள் கறவாமல் மடியைப் பெருக்கிக் காட்டுவதை அரபியில் 'தஸ்ரியா' என்பர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை விலக்கினார்கள். ஏமாந்தவர் பிராணியைத் திருப்பித் தரலாம். ஆனால் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாவு பேரீச்சம்பழமும் தர வேண்டும் என்றார்கள். ஏமாற்றப்பட்டவனுக்கும் இலவசப் பால் இல்லை!

வாங்கியவனுக்கு நீதி கிடைத்தது; வாயற்ற பிராணிக்கு?

கன்று இறந்தால் அதன் தோலில் வைக்கோல் திணித்துப் பசுவின்முன் நிறுத்துவர். கட்டிய மடியின் வேதனை தீர அது உதவக்கூடும். ஆனால், பால் முழுவதையும் விற்பதற்காகக் கன்றைப் பட்டினியிட்டுச் சாகவிட்டு, பின்பு நாள்தோறும் ஆக்சிடோசின் ஊசி போடுவோரும் உளர். அவ்வூசி கண்ணுக்குப் புலப்படாத வைக்கோற் கன்றன்றோ?

வறியவனுக்கு அதுவே பிழைப்பு என்பர். பிழைப்பை யாரும் மறுக்கவில்லை. ஷாபிஈ பிக்ஹு நூல்கள், பராமரிப்புச் செலவைப் பேசும் பாடத்திலேயே, குட்டிக்குக் கேடு வருமளவு கறக்கலாகாது என விதிக்கின்றன. கன்றின் பங்கு நாம் இடும் தர்மமன்று, அதன் உரிமை. எஞ்சியதே நமது உணவு.