பழமையின் சாயலும் காலத்தின் சான்றும்

பழைய கடிகாரம் ஒன்றைக் கணினியில் முப்பரிமாண உருவமாக வடிக்கும் கலைஞர், முதலில் அதைப் புத்தம் புதிதாகவே செய்கிறார். அதன் பின்னரே அதற்கு முதுமை ஏற்றப்படுகிறது. முகப்புத் தட்டில் மஞ்சள் படிகிறது. பித்தளை விளிம்பில் களிம்பு ஏறுகிறது. சாவித் துளையைச் சுற்றிக் கீறல்கள் விழுகின்றன. "உண்மையானது போலவே இருக்கிறது" என்று காண்போர் வியக்கின்றனர். ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. வாழாத ஆண்டுகளின் தழும்புகளை ஒரு பொருளுக்கு அணிவிப்பது கலையா, பொய்யா?

மெய்யான கடிகாரத்தில் சாவித் துளையருகே உள்ள ஒவ்வொரு கீறலும் ஒரு நிகழ்ச்சியின் பதிவு. யாரோ ஒருவர், மங்கிய விளக்கொளியில், துளை தவறிச் சாவியை உரசியிருக்கிறார். கணினியின் கீறலுக்குப் பின்னால் அத்தகைய கை எதுவும் இல்லை. எனினும் இது ஒன்றைக் கொண்டே அதனைப் பொய் என்று தள்ளிவிட இயலாது. புதின ஆசிரியர் படைக்கும் மாந்தர் எவரும் மண்ணில் பிறந்தவர் அல்லர். அதை வாசகரும் அறிவார். அங்கே ஏமாற்று இல்லை. கற்பனை உருவத்தின்மேல் உண்மைப் பொருளின் பெயரை எழுதும்போதுதான் ஏமாற்று தொடங்குகிறது. அக்கணமே அது ஓவியமாயிருத்தலை விட்டுச் சாட்சியாகிவிடுகிறது.

கிரேக்க நாட்டின் ஆன்டிகித்தேரா தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901-இல் எடுக்கப்பட்ட வெண்கலப் பொறி இங்கே நினைக்கத்தக்கது. ஞாயிறு, திங்கள் ஆகியவற்றின் இயக்கத்தைப் பற்சக்கரங்களால் கணித்துக் காட்டிய, ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய கருவி அது. எஞ்சியிருப்பவை 82 துண்டுகள்; அவற்றுள் 30 பற்சக்கரங்கள். 2005-இல் ஊடுகதிர்ப் படங்களின் உதவியால் உள்ளே மறைந்திருந்த எழுத்துகள் படிக்கப்பட்டன. 2021-இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் அதன் முன்பகுதியைக் கணினியில் அமைத்துக் காட்டினர். இல்லாத சக்கரங்களை அவர்களும் ஊகித்தே நிரப்பினர். ஆனால் எது கிடைத்தது, எது தம் ஊகம் என்பதை மறைக்கவில்லை.

இவ்வினா நமக்குத் தொலைவானதன்று. தனுஷ்கோடி, 1914 முதல் ரயிலும் தலைமன்னார்க் கப்பலும் நேரம் பார்த்துச் சந்தித்துக்கொண்ட ஊர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டிப் புயல் அலை, பாம்பனிலிருந்து வந்த ரயிலைப் பயணிகளோடு விழுங்கியது. நாளை ஒருவர் அந்த நிலையத்தைக் கணினியில் எழுப்பி, சுவரில் துருவேறிய கடிகாரம் ஒன்றை மாட்டி, ரயில் மூழ்கிய நேரத்தில் அதன் முட்களை நிறுத்திவைக்கலாம். காண்போர் கண் கலங்கும். ஆனால் அவ்வாறு நின்ற கடிகாரத்தைக் கண்டவர் உண்டா? இல்லையெனில் அந்தக் கண்ணீர் பொய்ச்சான்றால் பெறப்பட்டது. அதுவும், மறுத்துப் பேச இயலாத இறந்தோரின் பெயரால்.

"இடிந்த கல்லை மட்டும் காட்டினால் இளையோர் நெஞ்சம் அசையாதே, நன்னோக்குடைய சிறு கற்பனை குற்றமா?" எனக் கேட்கலாம். கற்பனை குற்றமன்று, அதைக் கற்பனை என்று சொல்லாமையே குற்றம். ஒருநாள் கடிகாரம் புனைவு என்று தெரியவந்தால், ரயிலும் புனைவோ என்று ஐயுறுவோர் எழுவர். பொய்ச்சான்று மெய்ச்சான்றையும் தன்னோடு இழுத்து வீழ்த்தும்.

தனுஷ்கோடியில் கூரையிழந்து நிற்கும் ஆலயச் சுவர்களை உப்புக் காற்று இன்றும் அரித்துக்கொண்டிருக்கிறது. பல நூறு நிழற்படங்களைப் பொருத்தி, உள்ளது உள்ளவாறே அவற்றைக் கணினியில் பதிந்து வைப்பது செய்யத்தக்க பணி. நிலையத்தில் கடிகாரம் எங்கே இருந்ததென்று தெரியாவிடில், அந்தச் சுவர் வெறுமையாகவே இருக்கட்டும். அவ்வெறுமையும் அந்தப் புயல் விட்டுச்சென்ற தழும்பே.