பன்றியிறைச்சியில் தீட்டு எங்கே இருக்கிறது?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றியுள்ள அக்கிரகாரங்களில் புலால் அடுப்பேறுவதில்லை. அங்கிருந்து சற்றுத் தள்ளி ஸ்ரீவராகத்தில், பன்றி உருவெடுத்துப் பூமியை மீட்ட திருமாலுக்கே கோயில் இருக்கிறது. கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவ வீடுகளிலோ ஐம்பது நாள் நோன்பு முடிந்து ஈஸ்டருக்குப் பன்றி வறுவல் செய்வதுண்டு. முஸ்லிம் வீடுகளில் அது ஹராம். ஒரே விலங்கு ஓரிடத்தில் தெய்வம், ஓரிடத்தில் விருந்து, ஓரிடத்தில் விலக்கு. அப்படியானால் தீட்டு இறைச்சியில் இருக்கிறதா, உண்பவரிடம் இருக்கிறதா?

லேவியராகமம் 11ஆம் அதிகாரம் பன்றியை விலக்குகிறது. அதற்குக் குளம்பு பிளந்திருக்கிறது, ஆனால் அது அசைபோடுவதில்லை. குர்ஆனும் தெளிவாகத் தடுக்கிறது. எனினும் நிர்ப்பந்தத்தால், விருப்பமின்றி உண்டவர்மீது குற்றமில்லை என்கிறது (2:173). மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் இயேசு, மனிதனுக்குள் போவது அவனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளத்திலிருந்து வெளிவருவதே தீட்டு என்கிறார்.

தடைக்குக் காரணம் தேடியவர்கள் பலர். யூத அறிஞரும் மருத்துவருமான மைமோனிடஸ் பன்றியின் அழுக்கைச் சொன்னார். மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல், எந்த வகைக்குள்ளும் சரியாகப் பொருந்தாத விலங்கே விலக்கப்பட்டது என்றார். இவை விதி பிறந்த கதையை ஓரளவு விளக்கலாம். விதியைக் காப்பவருக்கு அது இறைவனோடு செய்துகொண்ட உடன்பாடு. சுகாதாரக் காரணம் பொய்யானாலும் அந்த உடன்பாடு தளராது.

வேதாந்தத்தில் இந்த விவாதம் இன்னும் கூர்மையானது. ஆகாரம் தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும் என்கிறது சாந்தோக்ய உபநிடதம். சங்கரர், புலன்கள் உள்வாங்கும் அனைத்தையும் ஆகாரம் என்று கொண்டு, விருப்பு வெறுப்பற்ற அனுபவமே தூய்மை என்றார். ராமானுஜர் வாயால் உண்ணும் உணவையே கொண்டார். பொருளின் இயல்பு, தருபவர், மேலே படிந்த அழுக்கு என்ற மூன்று வழிகளில் குற்றம் சேரும் என்றார். 1892 டிசம்பரில் திருவனந்தபுரத்துக்கு வந்து தங்கிய விவேகானந்தர், பக்தி யோகத்தில் இரண்டும் தேவை என்றே கருதினார். ஆனால் சமயம் சமையலறைக்குள் சுருங்குவதைக் கடுமையாகக் கண்டித்தார்.

தீட்டு எங்கே என்ற கேள்விக்குச் சேக்கிழாரின் பெரியபுராணம் தரும் விடை துணிச்சலானது. பின்னர் கண்ணப்பர் எனப்பட்ட வேடர் திண்ணனார் காளத்தியில் பன்றியை வேட்டையாடி, தீயில் வாட்டி, மென்மையான துண்டுகளைச் சுவைத்துத் தேர்ந்து சிவனுக்குப் படைக்கிறார். கோயில் பூசகர் சிவகோசரியார் அதைக் கண்டு பதறிச் சன்னதியைக் கழுவுகிறார். இறைவன் அவர் கனவில் வந்து, வேடனின் அன்பை மறைந்திருந்து பார்க்கச் சொல்கிறார். சேக்கிழார் சிவகோசரியாரின் ஆகம பூசையைப் பழிக்கவே இல்லை. அன்பு அதற்கும் மேலே நிற்கிறது என்று காட்டினார். அந்த நிதானம் போற்றத்தக்கது.

அந்த நிதானம் இல்லாதபோது நடந்ததற்கு மெக்சிகோ சாட்சி. ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த பன்றியே அங்கு கார்னிடாஸ் என்ற உணவானது. மிச்சோவாகான் பகுதியில் செம்புக் கொப்பரையில், பன்றிக் கொழுப்பிலேயே இறைச்சியை மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைப்பார்கள். அதே மெக்சிகோவில் 1571இல் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. பன்றியை ஒதுக்குவது மறைவாக யூத நெறியைக் காப்பதன் அடையாளமாகக் கருதப்பட்டது. அவ்வாறு யூத நெறியைக் கைவிடாத லூயிஸ் டி கார்வஹால் 1596இல் கொல்லப்பட்டார். உண்ணாதே என்ற விதியைப் போலவே உண்டே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கொடியதாகலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

கேரள வீட்டில் கார்னிடாஸ் செய்வது எளிது. கொழுப்புள்ள தோள்கறியைப் பெரிய துண்டுகளாக்கி, உப்பும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்து, கொஞ்சம் நீரில் இரண்டு மணி நேரம் சிறுதீயில் வைத்தால், நீர் வற்றிய பின் உருகிய கொழுப்பிலேயே கறி சிவக்கும். தேங்காய்க்கொத்தும் மிளகும் சேர்த்து வற்றவைக்கும் உள்ளூர் வறுவலும் ஏறத்தாழ இதே வழிதான்.

உணவு விலக்கு அதை ஏற்றவரைக் கட்டும் விரதம். அடுத்தவரை எடைபோடும் அளவுகோல் ஆகாது. அதேபோல் அடுத்தவரின் விரதத்தை அவர் அறியாமல் முறிக்கவும் எவருக்கும் உரிமையில்லை. பல சமயத்தார் கூடும் வீட்டில் பன்றிக்கறி சமைப்பவர்கள் பாத்திரத்தையும் கரண்டியையும் தனியே வைத்து, பரிமாறும் முன்பே இது பன்றிக்கறி என்று சொல்லிவிட வேண்டும்.