தொடுதல் என்னும் கடன்

மாதம் நிறையுமுன்னே பிறந்துவிடும் குழந்தைக்குத் தோலுக்கடியில் போதிய கொழுப்பு இராது. தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் இயலாது. இத்தகைய குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து, இன்குபேட்டர் எனும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்துவதே தக்கதென மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணி வந்தது. அதில் அன்பின்மை இல்லை. நோய்த்தொற்றைப் பற்றிய அச்சமே இருந்தது. எனினும், உயிர் காக்கும் வேளையில் அன்பு ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற எண்ணம் நம் மனத்தில் வேரூன்றிவிட்டது.

1978-ஆம் ஆண்டில், கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், மருத்துவர் எட்கர் ரேய் சனாப்ரியா ஒரு நெருக்கடியைச் சந்தித்தார். பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் பல குழந்தைகள் கிடந்தன. ஒன்றின் தொற்று மற்றொன்றைப் பற்றியது. அவர் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு நிமிர்த்தி அணைத்துத் துணியால் கட்டச் செய்தார். தாயின் சூடே குழந்தையின் சூடாயிற்று; பாலும் பக்கத்திலேயே இருந்தது. மருத்துவர் ஹெக்டர் மார்ட்டினெஸ் துணைநிற்க, 'கங்காரு முறை' வளர்ந்தது. வறுமை கற்பித்த வழி அது.

ஆயினும், குழந்தையின் நிலை தேறிய பின்னரே இதைத் தொடங்கலாம் என்ற விதி பல்லாண்டு நீடித்தது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடைபெற்று 2021-இல் வெளியான ஆய்வு அதையும் மாற்றியது. 1 கிலோவுக்குக் குறையாமலும் 1.8 கிலோவை எட்டாமலும் இருந்த குழந்தைகள் இரு பிரிவாயினர். தேறும்வரை காத்திருந்த பிரிவில் 28 நாள்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 15.7, பிறந்தவுடனேயே, மருத்துவக் கவனிப்போடு தாயின் மார்பில் சேர்க்கப்பட்ட பிரிவில் 12. இந்த முறையையே உலக நலவாழ்வு நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். பயன் தருவதால்தான் தொடுதல் நல்லதா? அப்படியானால், தாயின் மார்பில் சேர்க்கப்பட்டும் மறைந்த அந்தப் பன்னிரு குழந்தைகளுக்கு அளித்த அணைப்பு வீண்தானா?

மத்தேயு நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தை நினைத்துப் பார்ப்போம். நூற்றுவர் தலைவரின் பணியாளரை இயேசு தொலைவிலிருந்தே, ஒரு சொல்லால் குணமாக்குகிறார். அதற்குச் சற்று முன்னர், தொழுநோயாளரையோ கைநீட்டித் தொடுகிறார். சொல் ஒன்றே போதுமாயிருந்தும் ஏன் தொட்டார்? நோய்க்குத் தேவைப்பட்டது நலம். ஒதுக்கப்பட்ட மனிதருக்குத் தேவைப்பட்டதோ உறவு. ஆகவே தொடுதல் மருந்தாகவும் அமையலாம். ஆனால் மருந்தாவதற்கு முன்பே அது மனிதருக்குரிய மதிப்பு. சில நாள்களே வாழ்ந்த குழந்தையும் அந்த மதிப்புக்கு உரியதே. அதன் வாழ்நாள் முழுவதையும் நிறைத்த அணைப்பை எவ்வாறு வீண் என்போம்?

இக்கடன் தாய்க்கு மட்டும் உரியதன்று. நாளொன்றுக்கு எட்டு மணி முதல் இருபத்துநான்கு மணி நேரம்வரை குழந்தையை மார்பில் தாங்க வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு நேரமும் வீட்டில் உலை வைப்பவர் யார்? மூத்த குழந்தைக்குச் சோறூட்டுபவர் யார்? அவளது அன்றாடக் கூலியை ஈடுசெய்பவர் யார்? தந்தையின் மார்பிலும் சூடு உண்டு, அவரும் அணைக்கலாம். மாமியாரும் அயலாரும் பங்கு மக்களும் மற்றச் சுமைகளை ஏற்கலாம். "தாயன்பே தனி" என்று புகழ்ந்துவிட்டு அவளைத் தனியே விடுவது எளிது. புகழ்ச்சியைக் குறைத்துக்கொண்டு, அவள் வீட்டிற்கு ஒருவேளை உணவேனும் கொண்டுசெல்வோம். அந்தக் குழந்தையை நாமும் தாங்கும் வழி அதுவே.