மூன்று படம் மிச்சம்

யாஷிகா-டி கேமராவை மூன்று வருடம் பீரோவுக்குள் வைத்திருந்தேன். அதற்கென்றே செய்த தோல் உறை, அதன் மேல் பழைய வேட்டித் துணி, அதற்கும் மேல் ஒரு பிளாஸ்டிக் பை. எங்கள் வீடு கடலூரில், கடற்கரைக்கு நடந்தே போகிற தூரம். ஜன்னல் கம்பியை உப்புக்காற்று தின்னும் ஊர். இவ்வளவு கட்டி வைத்தால் எந்தக் காற்றும் அண்டாது என்று நம்பினேன். ஓர் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மற்ற கேமராக்களோடு இதையும் துடைத்து வைக்கலாம் என்று பிரித்தேன். பின்கதவைத் திறந்து, ஷட்டரைத் திறந்தபடி பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே லென்ஸைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் மெல்லிய வெள்ளை நூல்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கிளை விட்டிருந்தன. பூஞ்சை.

சென்னையில் பழைய கேமராக்களைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப்போனேன். அவர் லென்ஸைப் பார்ப்பதற்கு முன்னால் தோல் உறையைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்தார்.

"கெடுத்தது கடக்காத்து இல்ல தம்பி, இந்த உறைதான்" என்றார். "தோல் ஈரத்தக் குடிச்சு வெச்சுக்கும். உள்ள இருட்டு. பூஞ்சைக்கு வேற என்ன வேணும்?"

"பத்திரமா இருக்கட்டும்னுதான் வெச்சேங்கய்யா."

"கண்ணுல படுற இடத்துல வைங்க. மாசத்துக்கு ஒரு நாளாவது வெளிய எடுத்து, ஷட்டர நாலு தடவ அடிங்க. அதுதான் பத்திரம்."

அவர் சொன்னதை அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பூஞ்சை வித்துகள் இல்லாத காற்றே கிடையாது. எல்லா லென்ஸின் மேலும் அவை ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நின்று, இருட்டும் காற்றோட்டம் இல்லாத இடமும் கிடைத்தால் முளைக்கும். வளரும்போது அது அமிலத்தைக் கக்குகிறது. அந்த அமிலம் முதலில் லென்ஸின் மேற்பூச்சையும் பிறகு கண்ணாடியையும் அரிக்கும். பூஞ்சையைத் துடைத்து எடுத்தாலும் அரித்த தடம் போகாது. பூஞ்சை வராமல் காக்கப் பெரிய மருந்து எதுவும் வேண்டாம்; பெரும்பாலும் வெளிச்சமும் காற்றும் போதும். ஷட்டருக்கும் இதே கதைதான். உள்ளே இருக்கும் எண்ணெய் அசையாமல் கிடந்தால் பிசினாக இறுகும், தகடுகள் ஒட்டிக்கொள்ளும். அடிக்கடி அடிபடும் ஷட்டர் அத்தனை எளிதில் ஒட்டுவதில்லை.

என்னிடம் இப்போது பதினான்கு கேமராக்கள் இருக்கின்றன. ஒன்றுகூடப் புதிதாக வாங்கியது இல்லை. பெரும்பாலும் புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுச் சந்தையிலும் காயலான் கடைகளிலும் கிடைத்தவை. சிறு வயதில் எங்கள் வீட்டில் கேமரா கிடையாது. விசேஷ வீடுகளில் மாமா ஒருவர் கொண்டுவருவார். ஒரு ரோலுக்கு 12 படம். பொண்ணு மாப்பிள்ளைக்கு இத்தனை, தாத்தா பாட்டிக்கு இத்தனை என்று கணக்குப் போட்டுத்தான் எடுப்பார். நாங்கள் பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றால் கேமராவைக் கண்ணில் வைத்து எடுப்பதுபோலப் பாவனை மட்டும் செய்துவிட்டு, "எடுத்தாச்சு, போங்க" என்பார். ஒவ்வொரு படமும் கைக்காசு. அந்தப் படங்கள் எங்கே என்று நாங்கள் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தோம். இன்று சந்தையில் ஒரு பழைய கேமராவைக் கையில் எடுக்கும்போது, அன்று எடுக்காமல் விட்ட அந்தப் படத்தைத்தான் தேடுகிறேன் என்று தோன்றுகிறது.

மாமாவிடம் இருந்தது ஆக்ஃபா கிளிக் 3. ஜெர்மன் கம்பெனியின் வடிவம். நம் ஊருக்கு வந்தவற்றைப் பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்தது. கறுப்பு உடம்பு, ஒரே வேகம். வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. ஃபோகஸ் செய்ய எதுவும் இல்லை. பின்புறம் ஒரு சிறிய சிவப்புக் கண்ணாடி ஜன்னல். பிலிமைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் அச்சிட்ட எண் அதில் தெரியும். அடுத்த எண் வரும்வரை திருகிவிட்டு நிறுத்த வேண்டும். படம் எடுப்பது என்றால் என்ன என்று நடுத்தரக் குடும்பங்கள் பல கற்றுக்கொண்டது இந்தப் பெட்டியில்தான்.

அதே கிளிக் 3 ஒன்று காந்தி வீதியில் கிடைத்தது. தரையில் விரித்த தார்ப்பாயில் பித்தளைக் குத்துவிளக்குக்கும் உடைந்த டிரான்சிஸ்டருக்கும் நடுவில் கிடந்தது. கையில் எடுத்துத் திருப்பினேன். சிவப்பு ஜன்னலில் 9 என்ற எண் தெரிந்தது. உள்ளே பிலிம் இருந்தது.

கடைக்காரருக்கு அது யாருடையது என்று தெரியவில்லை. யாரோ வீட்டைக் காலி செய்தபோது மூட்டையோடு வந்ததாம். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசை மேல் வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது படத்தை எடுத்துவிட்டார்களா, எடுக்க ஆயத்தமாக நிறுத்தியிருந்தார்களா என்று சொல்ல முடியாது. ஆனால் 10, 11, 12 மூன்றும் தொடாதவை. அவற்றை எதற்கு வைத்திருந்தார்கள்? ரோலைக் கழுவக் கொடுத்தால் மீதி வீண் என்று, அடுத்த நல்ல நாளுக்காக நிறுத்தியிருக்கலாம். பிள்ளையின் பிறந்தநாள், ஊரிலிருந்து யாரோ வருகிற நாள். அந்த நாள் வந்திருக்கும், கேமரா பீரோவில் இருப்பது நினைவுக்கு வந்திருக்காது. தமிழில் மீந்துபோனதற்கும் மிச்சம் என்கிறோம், சேமித்ததற்கும் மிச்சம் என்கிறோம். அந்த மூன்று படங்களும் இரண்டு வகையிலும் மிச்சம்.

மிச்சம் வைத்தது அப்படியே இருக்கிறதா என்றால், இல்லை. பிலிமின் மேல் வெளிச்சம் பட்டதும் வெள்ளி உப்புப் படிகங்களில் நாலைந்து வெள்ளி அணுக்கள் சேர்ந்து ஒரு புள்ளி உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத படம் அது. மருந்தில் கழுவும்போதுதான் வெளியே வரும். கழுவாமல் விட்டால் அந்தப் புள்ளிகள் மெல்ல மெல்லக் கலையும். வெளிச்சமே படாத இடத்திலும் வெயில் காலத்துச் சூடும் இயற்கையான கதிர்வீச்சும் படிகங்களைத் தட்டியெழுப்பி மூட்டம் போடும். எடுத்த படம் மங்கிக்கொண்டே போகும், எடுக்காத பிலிம் கறுத்துக்கொண்டே வரும்.

இதையெல்லாம் தெரிந்துவைத்திருந்த நான் அந்தக் கேமராவை என்ன செய்தேன்? மூன்று படத்தையும் நல்ல சமயம் பார்த்து எடுத்துவிட்டு ரோலைக் கழுவலாம் என்று அலமாரியில் வைத்தேன். பொங்கல் வந்தது. இதைவிட நல்ல நாள் வரும் என்று விட்டேன். சித்திரை போயிற்று. ஒரு வருடம் ஆனது. முகம் தெரியாத அந்தக் குடும்பம் செய்த அதே காரியத்தை, அவர்களுடைய கேமராவை வைத்தே நானும் செய்துகொண்டிருந்தேன். யாஷிகாவின் லென்ஸில் பூஞ்சையைப் பார்த்த அன்றுதான் அது எனக்கு உறைத்தது.

அம்மாவிடம் யாஷிகாவின் கதையைச் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் எழுந்துபோய்ப் பீரோவிலிருந்து தன் கூறைப்புடவையை எடுத்து வந்தார். அரக்குப் பட்டு. கல்யாணத்துக்குப் பிறகு கட்டியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். தங்கை கல்யாணத்துக்குக் கட்டலாம், பேரப் பிள்ளைக்குக் காது குத்தும்போது கட்டலாம் என்று ஒவ்வொரு முறையும் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தவர். கட்டிலில் விரித்தார். மடித்த கோடெல்லாம் இற்றுப்போயிருந்தது. சரிகை மடிப்பில் ஒடிந்து, பட்டு அந்த இடத்தில் நூல்நூலாகப் பிரிந்திருந்தது.

"மடிப்ப மாத்தி மாத்தி மடிக்கணும்டா. எங்கம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னா. கட்டுனாத்தானே மடிப்பு மாறும்" என்றார்.

நம் மொழியில் புழங்குவது என்றொரு சொல் இருக்கிறது. புழங்குகிற பாத்திரம், புழங்குகிற வீடு, புழங்குகிற கிணறு. இறைக்காத கிணறு பாசி பிடிக்கும் என்பதும், ஆள் புழங்காத வீட்டில் கரையான் ஏறும் என்பதும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நமக்குத் தெரியும். நம்மிடம் வந்து சேர்ந்த பழந்தமிழ் நூல்கள் எப்படி வந்தன? பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. படித்தவர்கள் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதினார்கள், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே எழுதினார்கள். யாரும் பிரிக்காமல் பரணில் கட்டி வைத்த ஏடுகளைச் செல் அரித்தது. கைமாறிக் கைமாறிப் படியெடுக்கப்பட்டவைதான் பிழைத்தன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைத்தால் நான் சொல்வது அரை உண்மையாகிவிடும். என்னிடம் ஒரு செனித்-ஈ இருக்கிறது. மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னோகோர்ஸ்கில் செய்த சோவியத் கேமரா. தூக்கினால் கை இறங்கும் கனம். லென்ஸுக்கு மேலே ஒளிமானி. அதற்கு பேட்டரி வேண்டாம். அதிலுள்ள செலினியம் வெளிச்சம் பட்டால் தானே மின்சாரம் தந்து முள்ளை நகர்த்தும். வெளிச்சம் படப்பட அந்தச் செலினியம் சோர்ந்துபோகும் என்பது பழைய கேமராக்காரர்களின் அனுபவம். என் செனித்தின் ஒளிமானி இன்றும் வேலை செய்கிறது. அது உறைக்குள்ளேயே கிடந்த கேமரா. ஆக, லென்ஸைக் கெடுக்கிற அதே உறை ஒளிமானியைக் காக்கிறது.

இதைப் பல நாள் யோசித்தேன். புழங்கினால் தேயும் என்பது உண்மைதான். பல்சக்கரம் தேயும், பட்டு நையும், மனிதருக்கு முட்டி வலிக்கும். வைத்திருந்தால் தேயாது, ஆனால் இற்றுப்போகும். தேய்வதா, இற்றுப்போவதா, இந்த இரண்டில் ஒன்றுதான் எல்லாப் பொருளுக்கும் வாய்க்கிறது. தேய்ந்ததற்குக் கணக்கு இருக்கிறது: இத்தனை படம், இத்தனை கல்யாணம், இத்தனை பேருடைய முகம். இற்றுப்போனதற்குக் காட்ட எதுவும் இல்லை. அன்பையும் கையில் இருக்கிற திறமையையும் சொல்ல வேண்டிய நன்றியையும் நல்ல நாளுக்கென்று மடித்து வைக்கும் நம் வழக்கத்தை இந்தக் கேமராக்களை வைத்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

நம் பெரியவர்கள் புழங்குவதை ஒரு சடங்காகவே வைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜையன்று எல்லாக் கருவியையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் படைக்கிறோம். அன்று ஒரு நாள் அவற்றைத் தொடுவதில்லை. மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து வேலை செய்தே ஆக வேண்டும். ஓய்வு ஒரு நாள்தான். ஸ்டூடியோக்காரர்கள் பொட்டு வைத்த கேமராவில் மறுநாள் முதல் படம் எடுப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

அந்த விஜயதசமி காலையில் கிளிக் 3-ஐ எடுத்தேன். அம்மாவைக் கூறைப்புடவையைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். இற்ற மடிப்பைக் கொசுவத்துக்குள் மறைத்து, கிழியாத பக்கத்தை முந்தானையாக விட்டு, மெதுவாக நடந்து வந்தார். பழைய பிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும் என்பதால் உச்சி வெயிலில் கிணற்றடியில் நிறுத்தினேன். 10, 11, 12.

அன்று ராத்திரியே ரோலைப் பிரித்தேன். சுற்றியிருந்த காகிதத்தில் ‘இந்து’ என்று பெயர். 1960-இல் உருவான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் உதகமண்டல ஆலையில் செய்த பிலிம். குளிரும் தூசியில்லாத காற்றும் வேண்டும் என்று மலை மேல் கட்டிய அந்த ஆலை இன்று மூடிக் கிடக்கிறது. டெவலப்பரை ஐஸ் வைத்துக் குளிர வைத்து, மூட்டத்தை அடக்கும் மருந்தும் சேர்த்துக் கழுவினேன். ஹைப்போவிலிருந்து எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தேன். முக்கால்வாசி சாம்பல் நிறம். நாலாவது கட்டத்தில் மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு முன்னால் இரட்டைச் சடைப் பெண் குழந்தை ஒன்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறது. பதினொன்றாவது கட்டத்தில் மங்கலாக அம்மா. அவரும் கண்ணைச் சுருக்கியிருக்கிறார்.

குழந்தையின் படத்தைப் பிரிண்ட் போட்டுக் காந்தி வீதிக் கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு கல்லைப் பாரம் வைத்து அதை நிறுத்துகிறார். யாராவது அடையாளம் கண்டு கேட்டால் கேமராவையும் சேர்த்துக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். யாஷிகாவைப் பெரியவர் துடைத்துக் கொடுத்தார். அரித்த தடம் ஓரமாக இருக்கிறது. படம் கொஞ்சம் மென்மையாக விழுகிறது. பக்கத்து வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண் அதைக் கேட்டாள். ரோலோடு கொடுத்தேன். உறை கேட்டாள், இல்லை என்றேன்.

அந்த நெகட்டிவ் என் மேசை மேல் வெளிச்சம் படும் இடத்தில் தொங்குகிறது. ஒரே பட்டையில் இரண்டு வீடு. பன்னிரண்டு கட்டமும் முடிந்தாயிற்று; மிச்சம் எதுவும் இல்லை.