மறைத்துச் சுமந்த பாரம்

வயிற்றுப்பாட்டிற்காக எழுதுகிறவன் எழுத்தைக் கெடுக்கிறான் என்று கூறும் அறிஞர் எக்காலத்திலும் உண்டு. எழுத்தின் பொருட்டு வீட்டைக் கைவிடுகிறவன் மனிதத் தன்மையையே கெடுத்துக்கொள்கிறான் என்று கூறும் பெரியோரும் உண்டு. இவ்விரு கூற்றிற்கும் இடையே அகப்பட்டு ஐம்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் பேனா பிடித்த ஓர் அம்மையாரைப் பற்றி இன்று நேயர்களோடு பேச விரும்புகிறோம். அவர் பெயர் மார்கரெட் ஆலிஃபண்ட். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரை அடுத்த வாலிஃபோர்டு என்னும் ஊரிலே 1828-ஆம் ஆண்டு பிறந்து, 1897-ஆம் ஆண்டு மறைந்தவர். நாவல்கள் மட்டுமே 90-க்கு மேல் எழுதினார். சஞ்சிகைகளுக்கு எழுதிய கட்டுரைகளோ இருநூற்றுக்கும் அதிகம். ஆங்கிலப் பள்ளியிலே படித்த எமக்கு டிக்கன்ஸ் பாடமாக வந்தார். ஜார்ஜ் எலியட்டும் வந்தார். இவ்வம்மையார் வரவில்லை. பின்னாளில் வேறொருவர் எழுதிய கண்டனத்தின் வாயிலாகவே இவரை அறிந்தோம்.

கண்டித்தவர் வர்ஜீனியா வுல்ஃப். 1938-இல் வெளிவந்த ‘மூன்று கினிகள்’ என்னும் நூலிலே, ஆலிஃபண்ட் அம்மையார் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பொருட்டுத் தம் மூளையை விற்றார், அறிவின் சுதந்திரத்தை அடிமைப்படுத்தினார் என்று அவர் கடுமையாக எழுதினார். நியாயத்தைச் சொல்லவேண்டுமானால், அதே இடத்தில் அத்தாயின் துணிவை அவர் மெச்சவும் செய்தார். அம்மையாரின் சுயசரிதை உள்ளத்தை உருக்கும் நூல் என்றும் ஒப்புக்கொண்டார். ஆயினும் பின்வந்தோர் நினைவில் நின்றது ‘விற்றார்’ என்னும் சொல்லே. அச்சொல் பொருந்துமா என்று பார்ப்போம்.

1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுபட்டபோது சுயேச்சைச் சபையின் பக்கம் நின்ற குடும்பம் அவருடையது. கிறிஸ்தவம் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டையன்று, வீட்டுச் சோறு. அவருடைய நாவல்களிலே போதகர்கள் வருவார்கள். அவர்களை ஆட்டிவைக்கும் சபை மூப்பர்களும் வருவார்கள். 1863-இல் வெளியான ‘சேலம் சேப்பல்’ என்னும் கதையில் கல்வியறிவு மிக்க இளம் போதகர் ஒருவர், வெண்ணெய்க் கடைக்காரர் முதலிய சபைப் பிரமுகர்களின் தயவிலே பிழைக்க நேர்ந்து படும் அவஸ்தையைப் படிப்பவர்கள், நம்மூர்க் கோயில் கமிட்டிகளை எண்ணிச் சிரிக்காமல் இருக்க முடியாது. பக்தி உள்ளவருக்குப் பரிகாசமும் தெரிந்திருந்தது என்பது எமக்கு அவரிடத்திலே பிடித்த குணம்.

1852-இல் தம் உறவினரும் கண்ணாடி ஓவியருமாகிய ஃபிராங்க் ஆலிஃபண்டை மணந்தார். தேவாலய ஜன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடியிலே சித்திரம் அமைப்பது அவர் தொழில். பிறந்த குழந்தைகளிலே மூன்று பச்சிளம் பருவத்திலேயே இறந்தன. கணவருக்குக் காசநோய் கண்டது. நல்ல காற்றை நாடி இத்தாலிக்குப் போனார்கள். 1859-ஆம் ஆண்டு அக்டோபரிலே ரோமாபுரியில் அவர் உயிர் நீத்தார். முப்பத்தொரு வயது விதவை, கையிலே இரண்டு குழந்தைகள், வயிற்றிலே ஒன்று, தலைமேல் ஏறத்தாழ 1,000 பவுன் கடன். இத்தனைக்கும் அவரிடம் இருந்த மூலதனம் ஒரு பேனாவே.

அடுத்துவந்த குளிர்காலத்தில் நடந்ததை நேயர்கள் சற்று நின்று பார்க்க வேண்டும். எடின்பரோவில் பிளாக்வுட் என்னும் புகழ்பெற்ற பிரசுராலயத்தார் சஞ்சிகை ஒன்று நடத்தி வந்தனர். அம்மையார் அவர்களுக்குப் பல ஆண்டுகளாக எழுதியவர். ஆனால் அண்மையில் அனுப்பியவை எல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தன. நேரிலே போய், தொடர்கதை ஒன்று தரட்டுமா என்று கேட்டார். அன்புடனேயே மறுத்துவிட்டார்கள். கண்ணீரை அடக்கிக்கொண்டு வெளியே வந்தார். வீட்டிலே குழந்தைகள் குதூகலமாக இருந்தன. அன்று பொழுது சாயும்வரை அவர்களோடு விளையாடினார்; முகத்திலே எதையும் காட்டவில்லை. அவர்கள் உறங்கிய பிறகு உட்கார்ந்தார். ஏறக்குறைய இரவு முழுவதும் எழுதினார். அக்கதை ஏற்கப்பட்டது, 1861-இல் வெளிவந்தது. ‘கார்லிங்ஃபோர்டு’ என்னும் கற்பனை நகரத்தைப் பற்றிய கதை வரிசைக்கு அதுவே வித்து. அவ்வரிசையிலே ஒன்றாகிய ‘பெர்பெச்சுவல் கியூரேட்’ என்னும் நாவலுக்குப் பிளாக்வுட் கொடுத்தது 1,500 பவுன். பகலெல்லாம் கணக்கெழுதி, வீடு அடங்கிய பின் விளக்கடியில் நாலு வரி எழுத முயலும் எம்போன்றாருக்கு, அந்த இரவு ஒரு புராணக் கதையைக் காட்டிலும் பெரிது.

அவருக்கு எழுதுவதற்கென்று ஓர் அறை நெடுங்காலம் இருந்ததில்லை. இளமையில் தாயார் நோயுற்றபோது, படுக்கையின் அருகிலேயே இருக்க வேண்டியிருந்ததால் பொழுதைப் போக்க எழுதத் தொடங்கியவர். பிறகு குடும்ப மேசையின் ஓரமே அவருடைய அலுவலகம். ஒருபுறம் தையல் நடக்கும். மறுபுறம் பேச்சு நடக்கும். நடுவே அத்தியாயம் நடக்கும். தொந்தரவில்லாத நேரமென்று கிடைத்தது இரவு ஒன்றுதான். அக்காலத்து நாவல் வியாபாரமோ இரக்கமற்றது. மாதந்தோறும் சஞ்சிகைக்குத் தவணை தவறாமல் கதை போய்ச் சேரவேண்டும். பின்னர் நூலாகும்போது மூன்று பாகங்களாக இருக்கவேண்டும். ஏனெனில் மூன்று பாக நாவலின் விலை முப்பத்தொன்றரை ஷில்லிங். அதை வாங்கும் வாடகை நூலகங்கள் அவ்வளவில்தான் கேட்டன. ஒரு பாகத்தில் முடிய வேண்டிய கதையை மூன்று பாகத்திற்கு இழுத்தால் இடையிலே நீர் கலவாமல் என்ன செய்யும்? அவருடைய நூல்களிலே நீர் கலந்தவை பல. அதை மறைப்பது விமரிசனமாகாது.

1864 ஜனவரியில் மீண்டும் ரோமாபுரி. மூத்த மகள் மாகி, பத்து வயதுச் சிறுமி, சில நாள் காய்ச்சலில் இறந்தாள். தந்தையைப் புதைத்த அதே நகரத்து மண்ணிலே அவளையும் வைத்தார்கள். மேற்சொன்ன 1,500 பவுன் நாவல் அப்பொழுது சஞ்சிகையிலே தொடராக வந்துகொண்டிருந்தது. இளம் போதகர் ஒருவரின் காதலையும் சபைச் சச்சரவையும் பற்றிய கதை அது. அதைத் தாயார் எழுதி முடித்தார். அந்த நாட்களில் அவர் தமக்கென எழுதி வைத்த குறிப்புகளிலே கடவுளோடு வழக்காடுகிறார். குழந்தை எங்கே போனாள், என்னை நினைக்கிறாளா என்று கேட்டுக் கேட்டு ஓய்கிறார். ஆயத்தமான ஆறுதல் மொழிகளை அவர் மனம் ஏற்கவில்லை. அதற்காக நம்பிக்கையை விட்டுவிடவுமில்லை. 1880-இல் வந்த ‘முற்றுகையிடப்பட்ட நகரம்’ என்னும் கதையிலே, இறந்தோர் திரும்பிவந்து உயிரோடிருப்போரை ஊரைவிட்டு வெளியேற்றுகிறார்கள். அவசரத்துக்கு எழுதியவர் என்று ஏசுவோர் அந்நூலைப் படிக்கட்டும்.

மிஞ்சியவர் சிரில், செக்கோ என்னும் இரு புதல்வர். அவர்களை ஈட்டன் பள்ளியிலே சேர்க்கவேண்டும் என்பதற்காகவே தாயார் விண்ட்சரில் குடியேறினார். 1868-இல் ஆண்டுக்கு 100 பவுன் அரசாங்க உதவித்தொகை கிடைத்தது. அதே ஆண்டில் ஒரு தமையன் நொடித்துப்போனார். அவருடைய மக்களுக்கும் இவ்வம்மையாரே தாயானார்; சிறிது காலத்தில் அத்தமையனும் மனைவியை இழந்து அவ்வீட்டிற்கே வந்து சேர்ந்தார். மற்றொரு தமையன், போதகராயிருந்து குடியினால் பதவியிழந்தவர்; அவருக்கும் நெடுங்காலம் இவரே படியளந்தார். ஆண்மக்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள். ஒரு பெண் தாங்கிக்கொண்டே இருந்தாள். ‘ஆண் சம்பாதிப்பான், பெண் சாப்பிடுவாள்’ என்று இன்னும் மேடையிலே பேசுகிற நம்மவர் விண்ட்சரிலிருந்த அவ்வீட்டுச் செலவுக் கணக்கைப் பார்த்திருக்கவேண்டும்.

தமையன் குடும்பம் வந்து சேர்ந்த அந்த வேளையில் அவர் ஒரு முடிவு செய்தார். நல்ல நாவல் ஒன்று எழுதுவதைவிட, இப்பிள்ளைகளைக் கடவுளின் பணிக்கு உகந்தவராக வளர்ப்பதே மேல் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டதாகச் சுயசரிதையில் தெரிவிக்கிறார். இங்கேதான் வுல்ஃப் அம்மையாரின் சொல் எமக்குப் பொருந்தவில்லை. விற்பவர் தமக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்பவர். இவரோ இரண்டு நன்மைகளை நேருக்கு நேர் வைத்து, எதை இழக்கிறோம் என்று தெரிந்தே ஒன்றை இழந்தார். 1885-இல் ஜார்ஜ் எலியட்டின் வாழ்க்கை வரலாறு வெளிவந்தபோது அதைப் படித்துவிட்டு, தம்மையும் அப்படிக் காற்றுப் படாத கண்ணாடி மனையிலே வைத்துக் காத்திருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்போமோ என்று அவர் கேட்டுக்கொண்டார். பொறாமையும் கலந்த கேள்விதான். அதை அவரே மறைக்கவில்லை.

அப்படியானால் அவர் செய்ததெல்லாம் சரியா? அன்று. செலவிலே அவர் கை நீளம். பயணமும் நல்ல உடையும் அவருக்குப் பிடிக்கும். எழுதாத நூலுக்கு முன்பணம் வாங்கி, அதை அடைக்க அடுத்த நூலை எழுதியது பலமுறை. இவையெல்லாம் சிறு குற்றங்கள். எம் மனத்தை உறுத்துவது வேறு. வீட்டிலே எல்லாம் எளிதாக நடக்கிறது என்னும் தோற்றத்தைப் பிள்ளைகளுக்கு அவர் உண்டாக்கி வைத்தார். பணமுடையையோ கவலையையோ அவர்கள் கண்ணிலே படவிடவில்லை. எடின்பரோவிலே குழந்தைகளோடு சிரித்து விளையாடிய அதே முகத்தை இருபது ஆண்டுகள் கழித்தும் வைத்திருந்தார். சிரில் ஆக்ஸ்ஃபோர்டு வரை போனான். பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. செக்கோவுக்கு உடல்நலமில்லை. தாம் மறைத்ததுதான் அவர்களைக் கெடுத்ததோ என்று தாயார் பின்னாளில் ஏங்கினார். அந்த ஏக்கம் முழுவதும் நியாயமாயிராது. நோயைத் தாயின் மீது ஏற்றுவது கொடுமை. ஆயினும் கேள்வி நிற்கிறது.

கொடுப்பதை மற்றொரு கை அறியாமல் கொடு என்பது அவருடைய மதம் கற்பித்த பாடம். நம் பெரியோரும் அதற்கு மாறாகச் சொல்லவில்லை. ஆனால் அது யாசகனுக்குக் கொடுப்பதைப் பற்றிய பேச்சு. அவன் நாணக்கூடாது என்பதற்காக மறைக்கிறோம். மகன் யாசகனல்லன், வீட்டின் பங்காளி. சொத்திலே பங்கு தருவோம், துயரத்திலே பங்கு தரமாட்டோம் என்றால் அது பாதிப் பங்குதான். மூன்று வயதுக் குழந்தையிடம் மறைப்பது அன்பு. இருபது வயது இளைஞனிடம் மறைப்பது, நீ இதைத் தாங்கமாட்டாய் என்று அவனுக்கு நாமே எழுதிக்கொடுக்கும் சான்றிதழ். அதிலே தாங்குகிறவரின் பெருமிதமும் சற்றுக் கலந்திருக்கிறது என்று எமக்குத் தோன்றுகிறது; எல்லாம் என் தோளிலே என்பதும் ஒரு சுகம்.

சம்பள நாள் முடிந்த பிறகு எம் அலுவலக ஜன்னலண்டை வந்து நிற்கும் தாய்மாரை நினைத்துக்கொள்கிறோம். ஒருத்தி முன்பணம் கேட்பாள். கழுத்திலே சங்கிலி இருந்த இடத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு, “ஐயா, பட்டணத்தில் படிக்கிற தம்பிக்கு இது தெரியவேண்டாம்” என்பாள். தெரியாது என்று நாமும் தலையசைப்போம். தம்பி விடுமுறைக்கு வரும்போது புதுச் சப்பாத்து போட்டுக்கொண்டு வருவான், நல்ல பையன்தான், கேட்டால் சொல்வான், வீட்டிலே ஒரு குறையுமில்லை என்று. அவனிடம் சொல்லும் உரிமை எமக்கு இல்லை. தலையசைத்தது சரியா என்பதுதான் எமக்கு இன்னும் விளங்கவில்லை. சொல்லியிருந்தால் அவன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்கு ஓடிவந்திருப்பானோ என்னும் அச்சம் அத்தாய்க்கு உண்டு, அதுவும் நடக்கக்கூடியதே. ஆலிஃபண்ட் அம்மையாருக்கும் அந்த அச்சம் இருந்திருக்கலாம். ஆகவே தீர்ப்புக் கூறும் பெரிய நாற்காலியில் நாம் உட்காரவில்லை.

1890-இல் சிரில் இறந்தான். 1894-இல் செக்கோ இறந்தான். 35 வயதை இருவருமே காணவில்லை. இந்தியாவுக்குப் பொறியியல் வேலைக்கு அனுப்பிவைத்த தமையன் மகனோ 1879-லேயே அங்கு மாண்டிருந்தான். அம்மையார் எழுதுவதை நிறுத்தவில்லை. கூட இருந்த தமையன் மகளுக்கு ஏதாவது வைத்துவிட்டுப் போகவேண்டுமே. பிளாக்வுட் பிரசுராலயத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த நிலையில், விக்டோரியா ராணியின் வைர விழா முடிந்த மூன்றாம் நாள், 1897 ஜூன் 25-ஆம் தேதி மறைந்தார்.

சுயசரிதையை அவர் துண்டு துண்டாகப் பல ஆண்டுகள் எழுதினார். கடன், மறுப்பு, இரவு வேலை, அச்சம் என்று வீட்டிலே வாய்திறந்து சொல்லாததையெல்லாம் அதிலேதான் சொன்னார். புதல்வர்கள் ஒருநாள் படிப்பார்கள் என்று எண்ணியே எழுதியதாகவும், செக்கோவும் போனபின் யாருக்காக எழுதுகிறோம் என்பதே மாறிவிட்டதாகவும் அதிலே குறித்திருக்கிறார். நூல் அச்சேறியது 1899-இல்.